மூத்தவர் சொன்னது

சங்குத்திட்டு நாட்டின் பத்தாவது பிரதமராகப் பதவியேற்ற அன்று பிலோமினா ராயப்பன் முதலில் கேட்டது ஒரு சாவியை. கோப்புகளோடு காத்திருந்த செயலர்களை உட்காரச் சொல்லிவிட்டு, பிரதமர் அலுவலகத் தாழ்வாரத்தின் கடைசியில் இருந்த இரும்புக் கதவை நோக்கி நடந்தாள். கதவருகே ஸ்டூலில் இருந்த செய்யது நூகு எழுந்து நின்றார். எழுபதைத் தாண்டியவர். வாலிபத்தில் அந்த அறையின் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ள வந்தவர், அங்கேயே நரைத்துவிட்டார். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் நூகு காக்கா. அவர்கள் பக்கத்தில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"சாவியக் கொடுங்க காக்கா."

"எதுக்கும்மா? போரா, அவசரநிலையா, நிலத்த யாருக்காவது எழுதிக் கொடுக்கப் போறோமா?"

"அதெல்லாம் இல்ல. அப்பாகிட்டப் பேசணும்."

நூகு அவளைப் பாவமாகப் பார்த்தார். "அப்பான்னு சொல்லி இந்தக் கதவத் திறக்க முடியாதும்மா. பிரதமரே வந்தாலும் அந்த மூணுல ஒண்ணு இருக்கணும். சட்டம் உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். அந்தச் சட்டத்தை அவள் ஒன்பது வயதில் தெரிந்துகொண்டவள்.

முத்துக்குளிக்கவும் உப்பெடுக்கவும் வந்தவர்களின் பிள்ளைகள் பல தலைமுறைகளாக வாழ்ந்த ஏழு மணல் திட்டுகள்தான் அந்த நாடு. அந்நிய நிர்வாகம் கப்பலேறியபோது நாற்காலிகளைக்கூட விட்டுவைக்கவில்லை. உப்பளத் தொழிலாளர் சங்கத் தலைவராக இருந்த ராயப்பன் முதல் பிரதமரானார். சுங்கக் கிடங்கு ஒன்றில் இரண்டு உப்புப் பெட்டிகளின் மேல் ஒரு பழைய கதவைக் கிடத்தி அதை மேசையாக்கிக்கொண்டார். பிரதமர் என்றால் என்ன வேலை என்று நாட்டில் யாருக்கும் தெரியாது. காலையில் ஜனங்கள் வரிசையில் நிற்பார்கள். படகு உடைந்தவர், புருஷனோடு சண்டை போட்டவள், கிணற்றில் உப்பு ஏறிவிட்டது என்று குடத்தோடு வந்தவள். "எனக்கும் இந்த வேல புதுசுதான். சேந்து கத்துக்குவோம்" என்பார் ராயப்பன்.

மூன்றாவது வருடம் ஒரு வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒரு யோசனையோடு வந்தது. ஒரு மனிதரின் மனத்தை, அது அந்த நேரத்தில் இருக்கிறபடியே, பதிந்து வைக்க முடியும். வேண்டியபோது எழுப்பிப் பேசலாம். அடுத்து வருகிறவர்களும் இப்படி இருட்டில் துழாவ வேண்டாம் என்று நாடாளுமன்றம் நினைத்தது. ஒரு காலை, கிடங்கிலேயே ராயப்பனை ஒரு நாற்காலியில் சாய்த்து, ஊசி போட்டு உடம்பை மரத்துப்போகச் செய்து, கண்ணைக் கட்டிப் பதிவு செய்தார்கள். அடுத்த வாரமே வடக்குத் திட்டுக்குப் போன அவருடைய படகு திடீர்ப் புயலில் கவிழ்ந்தது. உடல் கிடைக்கவில்லை.

அவர் மனைவி செலின் அந்தப் பதிவோடு ஒரு தடவை பேச வேண்டும் என்று கேட்டாள். நாடாளுமன்றம் மறுத்தது. இரண்டாவது பிரதமர் ஞானாதிக்கம் தலைமையாசிரியராக இருந்தவர், நல்ல மனிதர். நேரே வீட்டுக்கு வந்து காரணத்தைச் சொன்னார்.

"அது இப்ப நாட்டோட சொத்தும்மா. இன்னைக்குக் குடும்பம் அந்த அறைக்குள்ள போனா, நாளைக்குக் குடும்பந்தான் நாட்ட ஆளும். ராயப்பனே இத ஒத்துக்கிட மாட்டார்."

கதவோரம் நின்ற சிறுமிதான் கேட்டாள்.

"அப்ப யாரு போலாம்?"

"பிரதமர் மட்டுந்தான் பாப்பா."

குடும்ப ஆட்சி வரக்கூடாது என்று செய்த சட்டம் ஒரு குழந்தையை எந்தப் பக்கம் திருப்பியது என்பதை ஞானாதிக்கம் கவனிக்கவில்லை.

அதன் பிறகு நாட்டின் வரலாறே அந்த அறையைச் சுற்றித்தான் நடந்தது. ஜனங்கள் பதிவை மூத்தவர் என்றார்கள். பஞ்சத்தில் அரிசிக்கு அளவு வைத்தபோது, அக்கரை நாட்டோடு மீன்பிடிச் சண்டை மூண்டபோது, முதல் திட்டு கடலுக்குள் போனபோது, அந்தந்தப் பிரதமர் உள்ளே போய் வந்து "மூத்தவர் சொன்னார்" என்று தொடங்குவார். அதற்குமேல் யாரும் வாதாட மாட்டார்கள். மூத்தவர் சொன்னவை பள்ளிக்கூடச் சுவர்களில் இருந்தன. பசித்தவன் வரிசையில் கடைசியாகப் பிரதமர் நிற்க வேண்டும் என்ற வாசகத்தைத் தினமும் படித்துக்கொண்டுதான் பிலோமினா வகுப்புக்குப் போனாள்.

அவள் சட்டம் படித்தாள், சங்கத்தில் சேர்ந்தாள், தேர்தல்களில் தோற்றாள், பிறகு ஜெயித்தாள். அவளைக் கல்யாணம் செய்ய ஒருவர் நெடுநாள் காத்திருந்து அக்கரைக்குப் போய்விட்டார். கடைசித் தேர்தலில் ஒன்பதாவது பிரதமர் கஸ்பாரை எதிர்த்து நின்றாள். வெள்ளத்துக்காக கஸ்பார் கொண்டுவந்த அவசரநிலையில் ஜனங்கள் வெறுத்துப்போயிருந்தார்கள். மேடைக்கு மேடை பிலோமினா ஒன்றையே சொன்னாள்: "மூத்தவர் சொன்னார்னு இவர் சொல்றாரு. என் அப்பா அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டார்." கஸ்பார் அதற்கு ஒரு தடவையும் பதில் சொல்லவில்லை. தோற்றுப்போனார்.

எதற்காக அந்தப் பதவியைத் தேடினாள் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. பதவிக்கு வந்தும் கதவு திறக்கவில்லை.

அடுத்த வருடம் கடல் நான்காவது திட்டை எடுத்துக்கொண்டது. மிச்சமிருந்த மூன்றில் கிணறுகள் உப்பாகிவிட்டன. அக்கரை அரசு ஓர் உடன்படிக்கை அனுப்பியது. எல்லோருக்கும் வீடு தருவோம், குடியுரிமை தருவோம். ஆனால் நாட்டுக்குள் நாடு இருக்க முடியாது. கொடி, நாடாளுமன்றம், பிரதமர் பதவி எல்லாம் கையெழுத்திட்ட அன்றோடு முடியும்.

அதைப் படித்ததும் அவள் நெஞ்சில் முதலில் எழுந்தது, இனி அந்தக் கதவு திறக்கும் என்கிற நினைப்புதான். நிலத்தைக் கைமாற்றுவது மூன்றாவது காரணம். நாடு முழுகுகிறது, நான் சந்தோஷப்படுகிறேன் என்று அவளுக்கே உறைத்தது. அன்று முழுக்க யார் முகத்தையும் நேராகப் பார்க்க முடியவில்லை.

நாடாளுமன்றம் இரண்டுபட்டது. கழுத்தளவு தண்ணீரிலும் இருப்போம் என்று ஒரு பாதி. முடிவில் இரு தரப்பும் ஒன்றில் மட்டும் ஒத்துப்போனார்கள்: மூத்தவர் சொல்லட்டும்.

நூகு சாவியை எடுத்துக்கொண்டு கதவருகே நின்றார்.

"ஒண்ணு ரெண்டு விஷயம் சொல்லிடுதேன்மா. உள்ள படம் கிடையாது, குரல் மட்டுந்தான். பதிவு பண்ணும்போது அவரு கண்ணக் கட்டியிருந்துச்சு, உடம்பு மரத்திருந்துச்சு. அதனால எழுப்பினா இன்னும் அந்த நாற்காலியிலயே சாஞ்சிருக்கதாத்தான் நெனப்பாரு. அவருக்கு எப்பவும் அந்தக் காலைதான்."

"நான் சொல்றது ஞாபகம் இருக்குமா?"

"நிறுத்துற வரைக்கும் இருக்கும். நிறுத்திட்டா மறுபடி அந்தக் காலைக்கே போயிடுவாரு. ஞாபகத்தச் சேத்து வைக்க முடியும்னாங்க. வேற ஒருத்தர் பதிவுல செஞ்சும் பாத்தாங்க. உடம்பு இல்லாம நாள்கணக்கா முழிச்சிருந்ததுல அந்த மனுசனுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு. மூத்தவருக்கு அது வேண்டாம்னு விட்டுட்டாங்க."

"உண்மையச் சொல்லணுமா?"

"சொல்லணும். நீங்க இறந்துட்டீங்க, இது பதிவு, நாடு இப்ப இப்படி இருக்குன்னு. சொல்லாமக் கேட்டா அந்தக் காலத்துக்குத்தான் பதில் வரும்." அவர் சாவியை நுழைத்தார். "குடும்பத்தக் கேப்பாரு. அதுக்குத் தயாராப் போங்க."

அறையில் ஒரு நாற்காலி, ஒரு மேசை, மேசைமேல் சின்ன ஒலிபெருக்கி. கதவைச் சாத்திக்கொண்டு நூகு வெளியிலேயே நின்றுவிட்டார்.

"முடிஞ்சுதா? கட்ட அவுத்துடலாமா?" என்றது குரல்.

அவள் நினைவில் அப்பாவின் குரலுக்கு அவளோடு சேர்ந்து வயது கூடியிருந்தது. வந்ததோ ஒரு வாலிபனின் குரல். நாற்பத்தொரு வயது. அவளுடைய இளைய செயலர்களில் ஒருவன் பேசுவதுபோல் இருந்தது.

ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சொன்னாள். பதிவு, படகு, அதற்குப் பிறகான வருடங்கள். குரல் நடுங்காமல் சொல்லி முடித்தாள்.

"நீங்க யாரும்மா?"

"இப்ப இருக்கிற பிரதமர்."

"பேரு?"

"பிலோமினா."

"என் மக பேரு அது."

"ஆமாப்பா."

"விளையாடாதீங்கம்மா. என் மகளுக்கு ஒன்பது வயசு. காலையில பாத்துட்டுத்தான் வந்தேன். அவளுக்கு ஒரு பல்லு ஆடிக்கிட்டிருக்கு."

"கீழ்ப்பல்லு. அடுத்த வாரம் விழுந்துட்டுது. நீங்க வந்ததும் காட்டணும்னு சின்ன டப்பாவுல போட்டு வச்சிருந்தேன்." அவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு இப்ப அறுபத்திரண்டுப்பா."

அவர் மூச்சு விடும் சத்தம் கேட்டது. மூச்சுவிட நெஞ்சு இல்லாதவர் எப்படி மூச்சு விடுகிறார் என்று அவளுக்குப் புரியவில்லை.

"செலின்?"

"அம்மா போயி இருபது வருசத்துக்கு மேல ஆச்சு."

"கூட யாரு இருந்தா?"

"பக்கத்து வீட்டக்கா இருந்தாங்க. நான் பிரசாரத்துல இருந்தேன். வந்து சேரும்போது முடிஞ்சிருந்தது."

"நீ எதுக்கு பிலோ இந்த வேலைக்கு வந்த? நான் படுற பாட்ட நீ பாத்ததில்லையா?"

"இந்த அறைக்குள்ள பிரதமர் மட்டுந்தான் வரலாம்."

அவருக்கு அது விளங்கக் கொஞ்ச நேரமாயிற்று.

"அதுக்காகவா?"

"ஆமா."

"இத்தன வருசமுமா? வேற ஒண்ணுமே செய்யலையா நீ?"

அறுபத்திரண்டு வருடங்களில் அதை யாரும் அவளிடம் கேட்டதில்லை. ஒலிபெருக்கியில் அவர் அழத் தொடங்கினார். வாய்விட்டு அழத் தெரியாத ஆண்கள் அழுவதுபோல், சளி கட்டிய இருமல் மாதிரி வந்தது அந்தச் சத்தம். துடைக்க முகம் இல்லை. பிடிக்கக் கை இல்லை. அவள் ஒலிபெருக்கியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். அது லேசாகச் சூடாக இருந்தது.

அவர் அடங்கியதும், வேறு வழியில்லாமல், கடலையும் உடன்படிக்கையையும் சொன்னாள்.

"நிறுத்தினதும் இத நான் மறந்துடுவேன், இல்லையா?" என்றார்.

"ஆமாப்பா."

"அப்ப என்கிட்டக் கேக்காத. முடிவு சொன்னவன் மறுநாள் அந்த ஜனங்களுக்குள்ள நடந்து போகணும். ஏசுனா வாங்கிக்கணும். கல்லெடுத்து எறிஞ்சாலும் நிக்கணும். நான் எங்க நிக்கப் போறேன்? எனக்கு நாளைன்னே ஒண்ணு இல்ல." குரல் உடைந்தது. "நிறுத்தச் சொல்லு பிலோ. என்னால முடியல."

அவள் கதவைத் தட்டினாள்.

வெளியே வந்தவளை நூகு தன் ஸ்டூலில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்தார்.

"ஒண்ணும் சொல்ல மாட்டேன்னுட்டாரு காக்கா."

"முன்னால போன எட்டுப் பேருக்கும் அப்படித்தாம்மா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"உள்ள போயிட்டு வெளிய வந்து என்கிட்டப் பொய் சொன்னவங்க யாரும் இல்ல. இந்த ஸ்டூல்ல உக்காந்து எல்லாரும் இதையேதான் சொன்னாங்க. ஒண்ணு அழுவாரு, இல்லைன்னா என்கிட்டக் கேக்காதீங்கன்னு சொல்லுவாரு. இதுவரைக்கும் ஒரு பிரதமருக்கும் அவரு ஆலோசன சொன்னது கிடையாது."

"அப்ப பள்ளிக்கூடச் சுவத்துல இருக்கிறதெல்லாம்?"

"அவங்கவங்க யோசிச்சதும்மா. அந்த அறையில அவர நிறுத்தின பிறகு தனியா உக்காந்து யோசிப்பாங்க. சில பேரு சாயங்காலம் வரைக்கும் வர மாட்டாங்க. பஞ்சத்தப்போ ஞானாதிக்கம் ஐயா முகம் வெளுத்து வந்தாரு. நானா சொன்னா எவனும் கேக்க மாட்டான் நூகு, அவரு சொன்னதா இருக்கட்டும், நீ வாயத் தொறக்காதன்னாரு. அதுக்கப்புறம் வந்தவங்களுக்கும் வேற வழி தெரியல."

பிலோமினாவுக்கு கஸ்பாரின் முகம் நினைவுக்கு வந்தது. என் அப்பா அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டார் என்று அவள் ஒலிவாங்கியில் கத்தியபோது, எதிர்மேடையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்த முகம்.

"இத்தன தடவ எழுப்பியிருக்காங்களே. ஒவ்வொரு தடவையும் அவருக்குப் புதுசாத்தான் சொன்னாங்களா, செத்துப்போயிட்டீங்கன்னு?"

நூகு டம்ளரை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் அவள் திரும்பி வந்தாள்.

"இன்னொரு தடவ காக்கா."

"அவரு முதல்லேர்ந்து ஆரம்பிப்பாரும்மா."

"அதனாலதான் வந்திருக்கேன்."

உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். மடியில் ஒரு வெற்றுத்தாள் வைத்துக்கொண்டாள். எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை.

"முடிஞ்சுதா? கட்ட அவுத்துடலாமா?"

"இன்னும் கொஞ்ச நேரம் ஆகும் ஐயா."

"டாக்டர் இல்லையா? நீங்க யாரும்மா?"

"ஆபீசுக்குப் புதுசு ஐயா. நீங்க சும்மா இருக்கிற நேரத்துல ஏதாவது குறிப்பெடுக்கணும்னா எடுக்கச் சொன்னாங்க."

"அது நல்லதாப் போச்சு. இங்க மரக்கட்ட மாதிரிக் கிடக்கேன், அங்க ஆயிரம் வேல கிடக்கு. எழுதுங்க. மேற்குத் திட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போடணும், மழைக்கு முன்னால. ஓலை வேண்டாம். தகரம்தான்னு சொல்லுங்க, கணக்குக் கேட்டா என்கிட்ட வரட்டும். எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன் ஐயா."

"குடிதண்ணிப் படகு வடக்குத் திட்டுக்கு ஒழுங்காப் போகலைன்னு புகார். நானே நேர்ல போய்ப் பாக்கேன், அடுத்த வாரம்."

அவள் பேனா நின்றது. வடக்குத் திட்டுக்குத்தான் அவர் அந்தப் படகில் போனார். போகாதீங்க என்று தொண்டை வரை வந்தது. சொன்னால் கேட்டுக்கொள்வார். கேட்டுக்கொண்டு என்ன?

"எழுதிட்டேன் ஐயா."

"அப்புறம் நேத்து ஒரு பெரியவர் வந்தாரு, சம்பான் படகு ஓட்டுறவரு. கூட்டத்துல அவரக் கொஞ்சம் கடுமையாப் பேசிட்டேன். அவரு வீடு எங்கன்னு விசாரிச்சு வைங்க. போய்ப் பாக்கணும்." கொஞ்சம் யோசித்தார். "இன்னொண்ணு. இது ஆபீஸ் வேல இல்ல, தப்பா நெனைக்காதீங்க. வீட்டுக்கு யாரையாவது அனுப்பி, மத்தியானம் சாப்பிட வாரேன்னு சொல்லணும். மூணு நாளா வாரேன் வாரேன்னு ஏமாத்திட்டேன். என் வீட்டுக்காரி ஒண்ணும் சொல்ல மாட்டா. பிள்ளைதான் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கு."

"நானே போய்ச் சொல்லிடுதேன் ஐயா."

அந்த மத்தியானம் அவர் சாப்பிட வந்தாரா என்று அவள் நினைத்துப் பார்த்தாள். வந்திருக்கலாம். நின்றுகொண்டே இரண்டு வாய் அள்ளிப் போட்டுவிட்டு ஓடியிருக்கலாம். எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

பேசிக்கொண்டே போனார். உப்பு விலை, கலங்கரை விளக்குக்கு எண்ணெய், அக்கரையிலிருந்து ஒரு வாத்தியாரம்மாவை வரவழைப்பது. ஒவ்வொன்றையும் நாளைக்கே நடக்கப்போவது போலச் சொன்னார். அவசரமாக, உற்சாகமாக, நடுநடுவே தானே சிரித்துக்கொண்டு. அவள் யார் என்று மறுபடி கேட்கவில்லை. கேட்க அவருக்கு நேரமில்லை. வீட்டிலும் அவர் அப்படித்தான் இருந்தார். உடன்படிக்கையைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை.

"கை இன்னும் மரத்தே இருக்கும்மா" என்றார் ஒருவாட்டி. "எவ்வளவு நேரமாச்சு?"

அவளுக்குப் பயம் வந்தது. "அது அப்படித்தான் இருக்குமாம் ஐயா. கொஞ்சம் கண்ணசருங்க. ராத்திரி தூங்கியிருக்க மாட்டீங்க."

"அது நெசந்தான்." கொட்டாவி விடும் சத்தம் வந்தது. "கூட்டம் ஆரம்பிக்கும்போது எழுப்பி விட்டுருங்கம்மா. மறந்துடாதீங்க."

"சரிங்க ஐயா."

மூச்சு சீராகும்வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு ஓசைப்படாமல் எழுந்து வந்து நூகுவிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"தூங்குறாரு. இப்படியே அழிச்சிடுங்க."

நூகு திடுக்கிட்டார். "நிறுத்தவா, அழிக்கவா?"

"அழிக்க. அக்கரை அருங்காட்சியகத்துக்கு வேணுமாம். உடன்படிக்கையிலயே கேட்டிருக்காங்க. டிக்கெட் வாங்கிட்டு வாரவங்க அவர்கிட்டக் கேள்வி கேக்கலாமாம். தினமும் எழுப்புவாங்க காக்கா. தினமும் ஒருத்தன் வந்து, நீங்க செத்துட்டீங்கன்னு சொல்லுவான்."

"மூத்தவரு நாட்டோட சொத்தும்மா."

"தெரியும். இது பிரதமரோட உத்தரவு. கடைசி உத்தரவுன்னு வச்சுக்குங்க."

நூகு உள்ளே போனார். நெடுநேரம் வரவில்லை. வந்தபோது சாவியை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. அவருக்கும் அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கதவைச் சாத்தாமலேயே இருவரும் தாழ்வாரத்தில் நடந்தார்கள்.

அடுத்த நாள் காலை நாடாளுமன்றம் கூடியது. வெளியே கணுக்காலளவு தண்ணீரில் ஜனங்கள் நின்றார்கள். குழந்தைகளைத் தோளில் தூக்கி வைத்திருந்தார்கள். பிலோமினா எழுந்து நின்றாள். உண்மையைச் சொன்னால் இவர்களில் பாதிப் பேர் இங்கேயே இருந்து சாவார்கள். பொய்யைச் சொன்னால் பிழைத்துக்கொள்வார்கள். முடிவு அவளுடையது. அந்த நாற்காலியில் இருந்தவர்கள் ஒவ்வொருவரும் அந்த நிமிடத்தில் எவ்வளவு தனியாக இருந்தார்கள் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"மூத்தவர் போகச் சொன்னார்" என்றாள்.

யாரும் வாதாடவில்லை. ஒரு கிழவர் மட்டும் தலையிலடித்துக்கொண்டு அழுதார். அன்று பிற்பகல் கையெழுத்தாயிற்று. அந்த வாரத்திலேயே கப்பல்கள் வந்தன.

அவள் கடைசிக் கப்பலில் ஏறினாள். ஏறியபோது அவள் பிரதமர் இல்லை. பாதுகாவலர் இல்லை, செயலர் இல்லை. தளத்தில் மூட்டைகளுக்கு நடுவே இடம் தேடியபோது, பெஞ்சு ஒன்றில் கஸ்பார் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். தேர்தலுக்குப் பிறகு இருவரும் பேசியதில்லை. அவர் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இடம் விட்டார். உட்கார்ந்தாள். கரை மெலிந்து மெலிந்து ஒரு கோடாகும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"போகச் சொன்னாராக்கும்" என்றார் கஸ்பார்.

"ஆமா."

அவர் தலையை ஆட்டினார். கேலி இல்லை. "என்கிட்டயும் அப்படித்தான் சொன்னாரு, அவசரநிலை கொண்டுவரச் சொல்லி."

அவள் அவர் பக்கம் திரும்பினாள். "மேடையில உங்களப் பேசுனதுக்கு என்னை மன்னிக்கணும்."

"நீங்க பொய்யா ஒண்ணும் பேசலையேம்மா." அவர் லேசாகச் சிரித்தார். "நீங்க யாருன்னு அவர்கிட்டச் சொன்னீங்களா?"

"முதல் தடவ சொன்னேன். அழுதாரு. அடுத்த தடவ சொல்லல. சந்தோஷமா வேல பாத்துக்கிட்டிருந்தாரு."

கஸ்பார் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"உங்களுக்கு ஒண்ணு தெரியாது. தெரிஞ்சிருக்க வழியும் இல்ல. எனக்கு முன்னால இருந்தவரு பதவியக் கையில கொடுக்கும்போது சொன்னாரு, அவருக்கு அவரோட முன்னவரு சொன்னதாம். உள்ள போறதுக்கு முன்னால ராயப்பன் மக என்ன செய்றான்னு விசாரிச்சுட்டுப் போ, எந்த முடிவுக்குப் போனாலும் முதல்ல அதத்தான் கேப்பாருன்னு. ஞானாதிக்கம் ஐயா காலத்துலேருந்தே அப்படித்தானாம். நாலாம் வகுப்புல முதலா வந்திருக்கான்னு அவரு சொல்லியிருக்காரு. அடுத்தவரு, காலேஜு போறான்னு. அதுக்கடுத்தவரு, சங்கத்துல சேந்துட்டான்னு. உங்க வீட்டுப் பக்கம் அப்பப்போ பிரதமர் ஆபீஸ்லேருந்து யாராவது சும்மா வந்து நலம் விசாரிச்சிருப்பாங்களே."

வந்திருக்கிறார்கள். மரியாதைக்கு வருகிறார்கள் என்று நினைத்து, அம்மா காபி கொடுத்து அனுப்புவாள்.

"நான் போனது தேர்தல் நேரம். மக என்ன செய்றான்னு கேட்டாரு. என்னைத் தோக்கடிக்க ஊரூராப் பேசிக்கிட்டிருக்காங்கன்னு சொன்னேன். அதுவரைக்கும் அழுதுக்கிட்டிருந்தவரு சிரிச்சாரும்மா. அடக்கமாட்டாமச் சிரிச்சாரு. நல்லாப் பேசுதாளான்னு கேட்டாரு. எனக்கே பயமா இருக்குங்கன்னேன்."

காற்றில் அவள் முந்தானை முகத்தில் அடித்தது. அவள் அதை விலக்கவில்லை.

"அப்புறம்?"

"வெள்ளத்தப் பத்திக் கேட்டேன். என்கிட்டக் கேக்காதன்னுட்டாரு. எழுந்து கதவுகிட்ட வந்துட்டேன். கூப்பிட்டாரு." கஸ்பார் பையின் வாரை விரலில் சுற்றி அவிழ்த்தார். "அவளுக்கே போட்டுருப்பா, நீயும் ஒரு ஓட்டுன்னாரு."

"நீங்க..."

"எனக்கு வேற என்ன வழி?" என்றார் கஸ்பார். "அவரு வாய் தொறந்து சொன்ன ஒரே ஆலோசன அதுதானேம்மா."